ஒப்பந்தம் யாரைக் கட்டும்

எங்கள் தோட்டத்தில் முதன்முதலில் கறுப்புக் கோட்டுப் போட்டவள் நான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். றக்வான டவுனுக்கு மேலே, பஸ் திணறித் திணறி ஏறுகிற மலையில் இருக்கிறது அந்தத் தோட்டம். அங்கே போய் "லோயரம்மா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த லோயரம்மா, கொழும்புல இருக்கிற புள்ளயா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இரத்தினபுரிக் கோர்ட்டில் தினமும் தொண்டை வறளப் பேசுகிற என்னை யாருக்கும் சட்டென்று நினைவு வராது.

அந்தக் கொழும்புப் பிள்ளை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் வளர்ந்தவள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். நடுவில் இருந்தது பலகைச் சுவர் என்பதால் அவள் சத்தம் போட்டுப் படிப்பது எனக்குக் கேட்கும், நான் படிப்பது அவளுக்குக் கேட்கும். நான் நிறுத்திய பிறகும் அவள் படித்துக்கொண்டிருப்பாள். "பாரு, அடுத்த காம்பரா புள்ள இன்னும் படிக்குது" என்று அம்மா சொல்வாள். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு தோட்டத்துக்கு வந்த அன்று அடைமழை. அம்மா வாசலில் ஆரத்தி எடுக்க வந்தாள். தட்டில் எரிந்த கற்பூரம் அணைந்துவிட்டது. அவ்வளவுதான் என் வரவேற்பு. பிறகு அவளும் சட்டம் படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, அரச சட்டவாதியானாள். அரசாங்கத்தின் மீதும் அதிகாரிகளின் மீதும் யாராவது வழக்குப் போட்டால் அரசாங்கத்துக்காக நின்று பேசுகிற வேலை. அவள் வந்த அன்று நல்ல வெயில். கோயிலடியில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. தோட்டத்தை நிர்வகிக்கிற துரையே ஜீப்பில் வந்து இறங்கிக் கைகொடுத்தார். நானும் மேடையில் இருந்தேன். வரவேற்புரை செய்யச் சொன்னார்கள். செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன் என்பது மைக்கில் கேட்டிருக்காது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அப்பா போன பிறகு அம்மாவோடு தோட்டத்தில் இருப்பவனும் அவன்தான். கொழும்பில் கடைவேலைக்குப் போனவன் அது பிடிக்காமல் திரும்பி வந்தான். தேயிலை பிடுங்கிப்போட்டுக் கைவிட்ட ஒரு மலைச்சரிவைத் தோட்ட நிர்வாகத்திடம் குத்தகைக்குக் கேட்டு, அங்கே நின்ற சவுக்கு மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினான். அவனைப் பார்த்து லயத்துப் பொடியன்களும் பெண்களும் ஆளுக்கொரு வரிசை மரம் எடுத்தார்கள். ஒரு மிளகுச் சங்கமும் வைத்தார்கள். கொடி ஏறி, காய் பிடித்து, பாயில் உலர்த்தி விற்கத் தொடங்கும் நேரத்தில் விலை விழுந்தது. ஒரு முறை விழுந்தால் தாங்கலாம். விழுந்த விலை எழும்பவேயில்லை. தம்பி வளைகுடாவுக்குப் போவதற்கு ஓர் ஏஜென்டைப் பார்த்துவிட்டு வந்தான்.

"போறேன்க்கா. இதுல இனி ஒன்னும் இல்ல" என்றான்.

அவன் போகக்கூடாது. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். போகும்போது சொல்லும் காலம் ஒன்று, திரும்பி வரும் காலம் வேறு. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு அவன் விமானம் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிறகு நான் போட்ட வழக்கு இதற்காகத்தான்.

விலை ஏன் விழுந்தது என்பதை பெல்மதுளைச் சந்தியில் மிளகு வாங்குகிற நானாதான் எனக்கு விளக்கினார். முஸ்லிம் வியாபாரி; அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கம்.

"இங்கப் பாருங்க தங்கச்சி, ஒங்கட தம்பிட மிளகு நல்ல மிளகு. நல்லமா இருந்து என்ன செய்ய? கப்பல்ல வேற நாட்டு மிளகு வருது. கொழும்புல சாக்க மாத்தி, நம்மட நாட்டுல வெளஞ்சதுண்டு சேட்டிபிகேட் எடுத்து, பக்கத்து நாட்டுக்கு அனுப்புறானுகள். அங்க அது போய்க் குவிஞ்சா ஒங்கட மிளக எவன் கேப்பான்?"

பக்கத்து நாட்டோடு நமக்கு ஒரு வர்த்தக உடன்படிக்கை இருக்கிறது. நம் மண்ணில் விளைந்தது அங்கே வரிச்சலுகையில் போகலாம். ஆனால் நம் மண்ணில்தான் விளைந்தது என்று கொழும்பில் ஓர் அதிகாரி பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்த அதிகாரி மேசையை விட்டு எழும்பாமலே கையெழுத்துப் போடுகிறார் என்பதுதான் நானா சொன்னதன் சாரம்.

தம்பி கேட்டான்: "அப்ப அந்த ஆபீசர் சாக்கத் தொறந்து பாக்கணும்தானேக்கா? ஒப்பந்தத்துல அப்பிடித்தானே இருக்கு?"

"பார்க்கத்தான் வேணும். பார்க்க வைக்கிறேன் பாரு" என்றேன்.

அவ்வளவு துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அப்பாவிடமிருந்துதான். அப்பா தோட்டத்தில் சங்கத் தலைவர். தொழிற்சங்கமும் கம்பனிகளும் கையெழுத்துப் போட்ட கூட்டு ஒப்பந்தம் சின்னப் புத்தகமாக அச்சாகி வரும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அப்பா மலைக்குப் போவார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தகராறு வந்தால் புத்தகத்தை எடுத்து "ஒப்பந்தத்துல இருக்குங்க தொர" என்பார். துரை முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கெல்லாம் இது இரத்தத்தில் ஊறியது. மேலே பெரியவர்கள் கையெழுத்துப் போட்டால் கீழே இருப்பவன் செய்துதான் ஆக வேண்டும். நாடும் நாடும் போட்ட கையெழுத்துக்கு அதைவிட மதிப்புக் குறைவா என்ன? சட்டக் கல்லூரியில் எனக்கு வேறு மாதிரித்தான் சொல்லித் தந்தார்கள். அது தலையில் இருந்தது. அப்பாவின் புத்தகம் அதைவிட ஆழத்தில் இருந்தது.

மிளகுச் சங்கத்தின் பேரில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டேன். உடன்படிக்கையில் சொன்னபடி அதிகாரி சரக்கைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவருக்குக் கட்டளையிடுங்கள் என்பது மனு. பக்கம் பக்கமாக உடன்படிக்கைதான். கடைசியில் போகிறபோக்கில் ஒரு பத்தியில், அந்த உடன்படிக்கையை ஒட்டி நம் நாட்டு அரசாங்க வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளையும் தொட்டிருந்தேன். கொழும்பில் ஒரு சீனியரை வைத்துக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். உடன்படிக்கை அதிகாரியைக் கட்டுமா என்ற கேள்விக்கு ஒரு தீர்ப்பு வாங்கினால் சட்ட அறிக்கைகளில் என் பெயர் வரும். இனி வருகிறவர்கள் எல்லாம் என் வழக்கைச் சொல்லித்தான் வாதாட வேண்டும். அந்த ஆசை எனக்கு இருந்தது. ஏன் இருக்கக்கூடாது?

அதிகாரியின் பக்கம் யார் நிற்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள்தான்.

அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். "நம்ம புள்ள வருதா? அப்ப நல்லதுதானே" என்றாள்.

"அம்மா, அவ நமக்கு எதிரா வாறா."

"எதிரா வந்தா என்ன, நம்ம புள்ளதானே. நாயமாத்தான் பேசும்."

நான் நியாயமாகப் பேசுவேன் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை.

இடையில் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா வந்தது. அவளும் வந்திருந்தாள். பருத்திச் சேலை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு, அலட்டலே இல்லை. அலட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். தம்பி அவளிடம் போய் வழக்கைப் பற்றி ஏதோ கேட்டான். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"ஒன்னும் சொல்லலக்கா. கேஸ் முடியிற வரைக்கும் அதப்பத்திப் பேசக்கூடாதாம். தோட்டத்து ஆளுங்க எல்லாம் தெரிஞ்சவங்கன்னு அவங்க ஆபீஸ் பெரியவங்ககிட்டயும் சொல்லிட்டாங்களாம். எவ்ளோ மரியாதையா சொன்னாங்க தெரியுமா?"

ஒன்றும் சொல்லாததற்கே இவ்வளவு மரியாதை. நான் இவனுக்காக மாதக்கணக்கில் சட்டப் புத்தகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிளேன்டீ குடிக்கிறாயா என்று கேட்டானா?

விசாரணை நாளன்று வேன் பிடித்துக்கொண்டு சங்கத்து ஆட்கள் எல்லோரும் கொழும்புக்கு வந்துவிட்டார்கள். அவிசாவளையில் நிறுத்திச் சாப்பிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். அவர்களுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு, ஆங்கிலம் வராது. ஆனாலும் ஒருவரும் கண் இமைக்கவில்லை.

நான் நன்றாகத்தான் பேசினேன். நாட்டின் கையெழுத்து என்பது நாட்டின் வாக்கு, அரசாங்க அதிகாரி நாட்டின் கை, வாக்குக் கொடுத்துவிட்டுக் கை தன்பாட்டில் போக முடியாது என்றேன். மூத்த நீதியரசர் கேட்டார்: "இந்த உடன்படிக்கையை நமது பாராளுமன்றம் சட்டமாக்கியிருக்கிறதா?" முழுவதையும் ஆக்கவில்லை என்றேன். "அப்படியானால் எந்தச் சட்டத்தை அமுல்படுத்தச் சொல்கிறீர்கள்?" என்றார். நான் திரும்பவும் நாட்டின் வாக்குக்கே போனேன்.

அவள் எழுந்தாள். குரலை உயர்த்தவேயில்லை. உடன்படிக்கை இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான பேச்சு என்றாள். அதை நாம் மீறினால் கேட்க வேண்டியது அந்த அரசாங்கம். கேட்க வேண்டிய இடமும் வேறு. இந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் அதைக் கொண்டுவந்து இந்த நீதிமன்றத்தில் ஓர் அதிகாரியைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமானால் இந்த நாட்டுச் சட்டம் ஒன்று வேண்டும் என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெருந்தோட்டங்களில் கூட்டு ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது என்று தொடங்கினாள். அது துரைமாரைக் கட்டுவது கையெழுத்தினால் அல்ல. பதிவுசெய்த கூட்டு ஒப்பந்தம் வேலை கொடுப்பவரைக் கட்டும் என்று பாராளுமன்றம் சட்டம் போட்டிருப்பதால்தான் கட்டுகிறது. அந்தச் சட்டம் இல்லையென்றால் அந்தப் புத்தகம் வெறும் புத்தகம். நீதியரசர் பேனாவை வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

என் அப்பாவின் சட்டைப்பைப் புத்தகம். அதை எடுத்தே என்னை அடித்துவிட்டாள். என் அப்பா அதை உரக்க வாசிப்பது பலகைச் சுவர் வழியாக அவளுக்கும் கேட்டிருக்கும்தானே. அவளுடைய அப்பா மற்றச் சங்கம். அவர் புத்தகமே வைத்திருந்ததில்லை. எங்கள் வீட்டில் கிடைத்ததை வைத்து எனக்குத் தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றியது?

தேநீர் நேரத்துக்கு நீதியரசர்கள் எழுந்தபோது எல்லோரும் வராந்தாவில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று ஒரே கேள்வி. அவள் பேசியதை நானே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். தொழில் தர்மம் விடவில்லை, ஒழுங்காகச் சொன்னேன். கூட்டு ஒப்பந்தத்துக்கு வந்ததும் எல்லோர் முகமும் தெளிந்தது. நான் இத்தனை கூட்டங்களில் விளங்கப்படுத்தியும் விளங்காத வழக்கு அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சரியாத்தானேக்கா சொல்லியிருக்காங்க" என்றான் தம்பி.

"நீ யாரு பக்கம்டா?"

"ஒன் பக்கந்தான். ஆனா சொன்னது சரிதானே?"

இவனை வளைகுடாவுக்கே அனுப்பிவிடலாமா என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன்.

மீண்டும் நீதிமன்றம் கூடியதும் அவள் திரும்பவும் எழுந்தாள். மனுவின் கடைசிப் பத்தியைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். "மனுதாரரின் சட்டத்தரணியே அதில் உள்நாட்டு ஒழுங்குவிதிகளைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்" என்றாள். உடன்படிக்கை அதிகாரியைக் கட்டாது என்பதில் தனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்த ஒழுங்குவிதிகள் கட்டும். அதை அதிகாரிக்கு எடுத்துச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். இனிச் சான்றிதழ் கொடுக்குமுன் களஞ்சியத்துக்குப் போய்ச் சரக்கைப் பார்க்கிறேன் என்று அவர் இந்த நீதிமன்றத்துக்கு உறுதிமொழி தரத் தயார் என்றாள்.

நீதியரசர் என்னைப் பார்த்தார். உறுதிமொழியை ஏற்றுக்கொண்டால் வழக்கு இத்துடன் முடியும், உங்கள் பெரிய கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லப்போவதில்லை என்றார். தீர்ப்புத்தான் வேண்டும் என்றால் வாதத்தைத் தொடருங்கள், வருவது வரட்டும் என்றார்.

ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குத் தீர்ப்பு வேண்டும். அவ்வளவு நாளும் அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன், எழுந்தேன். தோற்றாலும் என் பெயரில் தோற்ற கேள்வியாக இருக்கும். உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். அதை இவள் ஒரு தட்டில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போகிறாள். அதுவும் என் மனுவின் பத்தியைக் காட்டி, என்னைப் பாராட்டிக்கொண்டே.

தம்பியிடம் சொன்னேன். ஏற்றுக்கொண்டால் இப்போதே முடியும், ஏற்றுக்கொள்ளாவிட்டால் எப்போது முடியும் என்று தெரியாது, தோற்கவும் கூடும்.

"எனக்கு அந்த ஆபீசர் சாக்கத் தொறந்து பாத்தா போதும்க்கா" என்றான். பிறகு, "ஏஜென்டு அடுத்த வாரம் பதில் கேட்டிருக்கான்" என்றான்.

உள்ளே போய் ஏற்றுக்கொள்கிறோம் என்றேன். நீதியரசர்கள் இருவரும் இரண்டு தரப்புக்கும் நன்றி சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினாள். நானும் வணங்கினேன். வேறென்ன செய்வது?

அதிகாரி சாக்கைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். விலை மெல்ல மேலே வந்தது. பெல்மதுளை நானா தம்பியைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். தம்பி ஏஜென்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். மிளகுச் சங்கம் பாராட்டுக் கூட்டம் வைத்து எங்கள் இருவருக்கும் மாலை வாங்கியிருந்தது. அவள் வரவில்லை. அரசாங்கத்துக்காக நின்றவள் மாலை வாங்கக்கூடாது, மன்னிக்க வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாளாம். அன்றைய கூட்டம் முழுவதும் அதே பேச்சு. "மாலையே வேணாம்னுட்டா பாருங்க, அதான் படிப்பு" என்று என் பக்கத்தில் இருந்தே சொன்னார்கள். என் மாலை என் கழுத்தில் கிடந்தது. கழற்றுவதா, போட்டிருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல சாமந்தி மாலை. போட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு தைப்பொங்கல் வந்தது. நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தது. தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான். அம்மா வாசலில் உட்கார்ந்து, அங்கே காயவில்லை, இங்கே காயவில்லை என்று அவனை விரட்டிக்கொண்டிருந்தாள். கொழும்புப் பிள்ளை அடுத்த காம்பராவிலிருந்து பொங்கல் கிண்ணத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இப்ப பேசலாம்தானேக்கா, கேஸ் முடிஞ்சிருச்சு" என்றாள்.

"பேசு. ஆனா என் கேள்விய நீ முடிச்சிட்ட. ஒப்பந்தம் ஆபீசரக் கட்டுமா கட்டாதான்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல."

"கட்டாதுக்கா. ஆனா நீங்க பேசினப்போ கட்டினா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு." கொஞ்ச நேரம் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க எடத்துல நான் இருந்தா தீர்ப்ப விட்டுக் குடுத்திருக்க மாட்டேன். அன்னைக்கு நீங்க வெளிய போய்ட்டு வந்து ஏத்துக்கிறோம்னு சொன்னீங்களே, அப்ப எனக்கு உங்க மேல அவ்வளவு பொறாமையா இருந்துச்சுக்கா."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கண்ணன் என்னைப் படிக்க வைக்கத்தானே துபாய்க்குப் போனிச்சு. போகாதன்னு சொல்லக்கூட எனக்குத் தோணல. இன்னும் அங்கதான் இருக்கு. உங்க தம்பி இந்தா முத்தத்துல நிக்குது."

லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். எனக்கும் தெரியும். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பாவம் என்று தோன்றியது பிறகு, அவள் கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டு உள்ளே போன பிறகு.